அப்பாவின் கருவிக்கு எந்தப் பெயர்?

கேள்வி: என் அப்பா ஷார்ஜாவில் கட்டுமான மேற்பார்வையாளராக இருந்தபோது 2004-ல் வாங்கிய ஒரு கருவி எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. உள்ளங்கை அளவுதான். பெரிய திரை, பக்கவாட்டில் செருகி வைக்கும் ஒரு குச்சி, தலையில் சின்ன ஏரியல் குமிழ். அதில்தான் அவர் கணக்கு எழுதினார், மின்னஞ்சல் பார்த்தார். சிம் போட்டுப் பேசவும் செய்தார். பெட்டியின் மேல் 'பாக்கெட் பிசி ஃபோன் எடிஷன்' என்று அச்சாகியிருக்கிறது. என் மகனின் பள்ளிக் கண்காட்சியில் 'தாத்தாவின் ஸ்மார்ட்போன், 2004' என்று அட்டை எழுதி வைக்க நினைத்தோம். கணினித் துறையில் வேலை பார்க்கும் என் தம்பி, "அது ஸ்மார்ட்போன் இல்லை. போனை ஒட்டவைத்த கணினி. தப்பாக எழுதாதே அக்கா" என்கிறான். யார் சொல்வது சரி? சென்ற மாதம் சார்ஜ் போட்டுப் பார்த்தோம். திரையில் ஒரு கூட்டல் குறியைக் காட்டி அதைத் தொடச் சொன்னது. பிறகு புத்தம் புதிது போலத் திறந்தது. அப்பா எழுதி வைத்த குறிப்புகள் ஒன்றும் இல்லை. அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. அது போகட்டும், அட்டையில் என்ன எழுதுவது என்று மட்டும் சொல்லுங்கள்.
வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

'ஸ்மார்ட்போன்' என்றே எழுதுங்கள். தம்பி மறுத்தால் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

ஆனால் 'அது போகட்டும்' என்று நீங்கள் தாண்டிப் போன இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கையடக்கக் கருவிகளைப் பழுது பார்த்து வருகிறேன். அந்தக் கூட்டல் குறி எதைச் சொல்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பின்னால் வருகிறேன். அதுவரை ஒரு வேண்டுகோள்: அப்பா பயன்படுத்திய மேசைக் கணினி இன்னும் வீட்டில் இருந்தால், தயவுசெய்து அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். இந்தக் கருவியை அதனுடன் இணைக்கவும் வேண்டாம்.

முதலில் தம்பியின் வாதம். அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. 2003 ஜூன் மாதம் மைக்ரோசாஃப்ட், கையடக்கக் கருவிகளை இயக்கும் 'விண்டோஸ் மொபைல் 2003' மென்பொருளை நான்கு பதிப்புகளாக வெளியிட்டது. இரண்டு பதிப்புகள் பேசும் வசதி இல்லாத பாக்கெட் பிசிகளுக்கு, அதாவது கையடக்கக் கணினிகளுக்கு. மூன்றாவது, பேசும் வசதி கொண்ட பாக்கெட் பிசிக்கான 'ஃபோன் எடிஷன்'. நான்காவதன் பெயரே 'ஸ்மார்ட்போன்'. இந்த நான்காவது வகையில் தொடுதிரை கிடையாது. சாதாரண செல்போன் போல எண் விசைகளும் சின்னத் திரையும்தான். தொடுதிரையும் எழுதுகுச்சியும் உள்ள அப்பாவின் கருவிக்கு அன்று அந்தப் பெயரைக் கொடுக்கவில்லை. சென்னை ரிச்சி தெருக் கடைகளில் நாங்களும் அதை 'பிடிஏ போன்' என்றுதான் சொன்னோம். பிடிஏ என்றால் கையடக்கக் கணினி. தம்பி அந்தப் பெயர் வரிசையை எங்கோ படித்து நினைவில் வைத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. அந்த அக்கறைக்கு அவரைப் பாராட்டுகிறேன்.

இருந்தாலும் அது ஒரு நிறுவனம் தன் சரக்கைப் பிரித்து அடுக்க வைத்துக்கொண்ட பெயர். அந்த நிறுவனமே அதை நெடுநாள் வைத்திருக்கவில்லை. 2007-ல் 'விண்டோஸ் மொபைல் 6' வந்தபோது ஃபோன் எடிஷன் 'புரொஃபஷனல்' ஆனது, ஸ்மார்ட்போன் பதிப்பு 'ஸ்டாண்டர்ட்' ஆனது. பெட்டியில் அச்சிட்ட பெயரை வைத்து ஒரு கருவியின் இனத்தை முடிவு செய்தால், நான்கே ஆண்டில் இனம் மாறிவிட்டது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

'ஒட்டவைத்த போன்' என்ற சொல்லைத் தம்பி எடுத்திருப்பதால் அதையும் பார்த்துவிடலாம். உண்மையிலேயே ஒட்டவைத்த போன் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் ஹேண்ட்ஸ்ப்ரிங் என்ற நிறுவனம் 'விசர்' என்ற கையடக்கக் கணினியை 1999-ல் விற்கத் தொடங்கியது. அதன் முதுகில் ஒரு பள்ளம். அதில் வேண்டிய துணைக்கருவியைச் செருகிக்கொள்ளலாம். 2000-ஆம் ஆண்டின் இறுதியில் அந்தப் பள்ளத்தில் செருகும் 'விசர்ஃபோன்' வந்தது. செருகினால் பேசலாம். கழற்றினால் விசர் மறுபடியும் முகவரியும் நாட்குறிப்பும் வைத்துக்கொள்ளும் கருவிதான். அதைப் பார்த்துத் தம்பி இந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் நான் தலையாட்டியிருப்பேன். அதே நிறுவனம் 2002-ல் 'ட்ரியோ 180' கொண்டுவந்தபோது போன் உள்ளேயே வந்துவிட்டது. அப்பாவின் கருவி ட்ரியோவின் கட்சி. ஏரியல், சிம் கூடு, காதுக்கான ஒலிபெருக்கி, வாய்க்கான மைக் எல்லாம் அதன் உடம்போடு பிறந்தவை.

உள்ளே திறந்து பார்த்தால் இரண்டு தனி மூளைகள் தெரியும் என்று தம்பி சொல்லக்கூடும். அது உண்மை. ஒரு செயலி திரையையும் நிரல்களையும் (ஆப்களையும்) நடத்தும். இன்னொன்று செல்பேசிக் கோபுரத்துடன் பேசும் மோடம். அதற்குத் தனி மென்பொருள் உண்டு. முதலாவது 'இந்த எண்ணை அழை' என்று கட்டளை அனுப்பும், இரண்டாவது அழைக்கும். ஆனால் தம்பியின் சட்டைப் பையில் இன்று இருக்கும் போனும் அப்படித்தான் வேலை செய்கிறது. இரண்டையும் இப்போது ஒரே சில்லில் அடக்கிவிடுவதுண்டு. வேலைப் பிரிவினை மாறவில்லை. 'ஃபிளைட் மோட்' போட்டால் போன் உறங்கி, கணினி விழித்திருக்கிறதே, அது இந்தப் பிரிவினையால்தான். ஒட்டவைத்தது என்ற காரணத்துக்காக அப்பாவின் கருவியை விலக்கினால், இன்றைய போன்களில் ஒன்றுகூட மிஞ்சாது.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? நான் இரண்டே கேள்வி கேட்பேன். செல்பேசிக் கோபுரத்துடன் தானாகவே பேசுகிறதா? தயாரித்தவர் அல்லாத பிறர் எழுதிய நிரல்களை நாம் ஏற்றி ஓட்ட இடம் தருகிறதா?

முதல் கேள்வி எளிது. பேட்டரியைக் கழற்றினால் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண் இருக்கும். அது இருந்தால் உலகின் செல்பேசி வலைப்பின்னல்கள் அதைத் தங்களோடு இணையக்கூடிய கருவியாக அறியும். வைஃபை வழியாக மட்டும் இணையும் கருவிகளுக்கு இந்த எண் கிடையாது. ஆப்பிளின் 'ஐபாட் டச்' 2007-ல் வந்தது. உருவத்திலும் மென்பொருளிலும் ஐபோனுக்கு உடன்பிறப்பு. பின்னாளில் வைஃபை வழியாக அதில் ஸ்கைப் பேசியவர்கள் உண்டு. என்றாலும் அதை நான் போன் என்று சொல்ல மாட்டேன். வீதியில் ஒருவர் மயங்கி விழுந்தால் அதிலிருந்து 112-ஐ அழைக்க முடியாது.

இரண்டாவது கேள்வியில்தான் வரலாறு சுவையாகிறது. ஐபிஎம் நிறுவனத்தின் 'சைமன்' 1994 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அரைக் கிலோ எடை, தொடுதிரை, மின்னஞ்சல், ஃபேக்ஸ், நாட்காட்டி. தொடர்ந்து பேசினால் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கும். இன்று எல்லோரும் அதை முதல் ஸ்மார்ட்போன் என்கிறார்கள். அதை விற்றவர்களோ 'பர்சனல் கம்யூனிகேட்டர்' என்றார்கள். 1996-ல் வந்த 'நோக்கியா 9000'-க்கும் 'கம்யூனிகேட்டர்' என்றுதான் பெயர். மூடியிருந்தால் பருத்த செல்போன், புத்தகம் போலத் திறந்தால் விசைப்பலகை. உள்ளே ஓடியது அந்நாளைய மேசைக் கணினிகளின் இன்டெல் 386 குடும்பத்துச் செயலி. போன் உறைக்குள் கணினியை வைத்தவர்கள் அவர்கள். அப்பாவின் கருவியைச் செய்தவர்கள் கணினி உறைக்குள் போனை வைத்தார்கள். வெவ்வேறு வாசல் வழியாக வந்து இருவரும் நின்றது ஒரே கூடத்தில்.

'ஸ்மார்ட்போன்' என்ற பெயரையே சொல்லி விற்கப்பட்ட முதல் கருவி 2000-ல் வந்த 'எரிக்சன் ஆர்380'. அதில் பிறர் எழுதிய நிரல் எதையும் ஏற்ற முடியாது. வாங்கும்போது இருந்ததுதான் கடைசி வரை. ஆப்பிளின் ஐபோன்கூட 2007 ஜூனில் கடைக்கு வந்தபோது அந்த நிலையில்தான் இருந்தது. 'ஆப் ஸ்டோர்' திறந்தது 2008 ஜூலையில். உங்கள் அப்பாவோ அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே தன் கருவியில் வேண்டிய நிரலை ஏற்றிக்கொள்ள முடிந்தவர். கட்டுமான வேலையில் இருந்தவர் என்பதால், அளவுகளை மாற்றிக் கணக்கிடும் நிரல் ஏதேனும் வைத்திருந்தாலும் வியப்படைய மாட்டேன். ஒரே நேரத்தில் பல நிரல்களும் அதில் ஓடும். மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தொட்டால் நிரல் மூடிவிட்டதாக நினைப்போம். அது திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். கருவி மெதுவாகிவிட்டது என்று கடைக்கு வருபவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுத்ததே, அப்படி ஒளிந்து ஓடும் நிரல்களை நிறுத்துவது எப்படி என்பதைத்தான்.

சட்டமும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறது. ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குகளுக்கு எண் கொடுத்து வகைப்படுத்தும் உலக சுங்க அமைப்பு, 2022 ஜனவரி 1 முதல் ஸ்மார்ட்போனுக்கு 8517.13 என்று தனி எண் கொடுத்தது. மற்ற செல்பேசிகளுக்கு 8517.14. நம் நாட்டுச் சுங்கப் பட்டியலும் அதைப் பின்பற்றுகிறது. எது ஸ்மார்ட்போன் என்பதற்கு அதில் ஒரு குறிப்பும் உண்டு. செல்பேசி வலைப்பின்னலுக்கான தொலைபேசியாக இருக்க வேண்டும். கணினியின் வேலைகளைச் செய்யும் இயங்குதளம் அதில் இருக்க வேண்டும். பிறர் எழுதியவை உட்படப் பல நிரல்களைப் பதிவிறக்கி ஒரே நேரத்தில் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும். கேமரா இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அப்பாவின் கருவியை இந்த அளவுகோலில் வைத்தால் தாராளமாகத் தேறுகிறது. பெயரோடு வந்த ஆர்380 தேறாது. தம்பியிடம் இதை மட்டும் சொன்னாலே போதும் என்று நினைக்கிறேன்.

ஏழு அங்குலத் திரையுள்ள 'சாம்சங் கேலக்ஸி டேப்' 2010-ல் சிம்மோடு வந்து, அதிலும் பேசலாம் என்றானபோது இதே சண்டை பல வீடுகளில் நடந்தது. அது வேறு கதை. அப்பாவின் கருவி சட்டைப் பையில் அடங்குகிறது, காதில் வைத்துப் பேசுகிற அளவில் இருக்கிறது. அந்த ஐயம் இங்கே எழவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. கணினியோடு போனை ஒட்டியதாகத் தம்பி சொல்கிறார். இந்த இருபது ஆண்டுகளில் அந்தக் கணினிப் பகுதிதான் மூப்படைந்துவிட்டது. அதன் இணைய உலாவி இன்றைய பாதுகாப்பு முறைகளை அறியாததால் பெரும்பாலான தளங்கள் திறக்காது. வாட்ஸ்அப் ஏறாது. போன் பகுதியோ இன்னும் உயிரோடு இருக்க வாய்ப்புண்டு. அது 2ஜி போன், இந்தியாவில் 2ஜி சேவை தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. இன்றைய குட்டி சிம்மைப் பழைய அளவுச் சட்டத்தில் பொருத்திப் போட்டால் மணி அடிக்கக்கூடும். கண்காட்சியில் பிள்ளைகள் முன்னால் அது ஒலித்தால் எத்தனை அழகாக இருக்கும்! ஆனால் பின்மூடி சற்றே உப்பியிருந்தால் பேட்டரி வீங்கிவிட்டது என்று பொருள். அப்போது சார்ஜ் போடவே கூடாது.

இப்போது அந்தக் கூட்டல் குறிக்கு வருகிறேன். நினைவகம் வெறுமையாகி, புதிதாகத் தொடங்கும் கருவி தொடுதிரையைச் சரிசெய்துகொள்ளக் காட்டும் குறி அது.

அந்தத் தலைமுறை பாக்கெட் பிசிகளில் எழுதியவை எல்லாம் 'ரேம்' என்ற தற்காலிக நினைவகத்தில்தான் தங்கின. மின்சாரம் இருக்கும்வரை இருக்கும், போனால் போய்விடும். ரேம் வேகமானது, நிலையான நினைவகம் அன்று விலை அதிகம். அதனால் அப்படி வடிவமைத்தார்கள். பேட்டரியை மாற்றும் நேரத்துக்குத் தாங்க உள்ளே ஒரு சிறு துணை பேட்டரி இருக்கும், அவ்வளவுதான். 2005-ல் வந்த 'விண்டோஸ் மொபைல் 5' தொடங்கித்தான் பேட்டரி தீர்ந்தாலும் எழுதியது நிலைக்கும் முறை வந்தது. ஊருக்குப் போகும்போது சார்ஜரை மறந்துவிட்டுத் திரும்பி வந்து, அந்தக் கூட்டல் குறியைப் பார்த்துக் கலங்கியவர்கள் எத்தனை பேர் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள்! நீங்கள் சார்ஜ் போட்டதால் எதுவும் அழியவில்லை, சகோதரி. பீரோவுக்குள் போன சில நாட்களிலேயே அது வெறுமையாகிவிட்டது. உங்கள் கையால் போனதாக எண்ண வேண்டாம்.

வந்தவர்களிடம் நாங்கள் கேட்ட முதல் கேள்வி, "கணினியோடு சிங்க் செய்வீர்களா?" என்பதுதான். சிங்க் என்றால் கருவியில் உள்ளதையும் கணினியில் உள்ளதையும் ஒன்றாக்குவது. அதையே உங்களிடமும் கேட்கிறேன். பெட்டிக்குள் கருவியை நிற்கவைக்கும் தொட்டில் போன்ற ஒன்றும் அதிலிருந்து வரும் யூஎஸ்பி வயரும் இருக்கின்றனவா? இருந்து, அவை புழங்கிய தடம் தெரிந்தால், அப்பா எழுதியவற்றின் பிரதி அவருடைய கணினியில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 'ஆக்டிவ்சிங்க்' என்ற மென்பொருள் அந்த வேலையைச் செய்தது. முகவரிகள், நாட்காட்டி, செய்ய வேண்டியவை ஆகியவற்றை, கணினியில் மின்னஞ்சலுக்கும் நாட்காட்டிக்கும் பயன்படும் 'அவுட்லுக்' மென்பொருளில் சேர்க்கும். கருவியில் இருந்த கோப்புகளை, அப்படி அமைத்திருந்தால், 'மை டாக்குமென்ட்ஸ்' உள்ளே கருவியின் பெயரோடு தனி உறை (ஃபோல்டர்) திறந்து அதில் வைக்கும். ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் கருவி முழுவதற்கும் காப்புப் பிரதி எடுக்கும் வசதியும் இருந்தது. அந்தக் கோப்பின் பெயர் 'எஸ்டிஜி' என்று முடியும்.

இணைக்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே நான் கேட்டுக்கொண்டது இதற்காகத்தான். வெறுமையாகிவிட்ட கருவியை இப்போது இணைத்தால், புதிய காப்புப் பிரதி பழையதன் மேலேயே எழுதப்பட்டுவிடலாம். அப்படி நடந்துவிட்டால் பிறகு என் போன்றவர்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

இங்கே தம்பியின் உதவி வேண்டும். அந்தப் பழைய கணினியை இயக்கிப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம். இருபது வருட ஹார்ட் டிஸ்க் இன்னும் எத்தனை முறை சுழலும் என்று சொல்ல முடியாது. அதைக் கழற்றி, யூஎஸ்பி வழியாகப் படிக்கும் இணைப்பானில் பொருத்தி, முழு டிஸ்கையும் முதலில் ஒரு புதிய டிஸ்கில் படியெடுக்கச் சொல்லுங்கள். தேடுவதெல்லாம் அந்தப் படியில்தான். மறைத்து வைக்கப்பட்ட உறைகளையும் காட்டும்படி அமைத்துக்கொண்டு, அவுட்லுக் தகவல்களைச் சேமிக்கும், 'பிஎஸ்டி' என்று முடியும் கோப்பையும் 'எஸ்டிஜி' கோப்பையும் தேடட்டும். 'பிஎஸ்டி' கிடைத்தால் இன்றைய கணினியில் நிறுவும் வழக்கமான அவுட்லுக்கிலேயே திறந்து பார்க்கலாம். 'எஸ்டிஜி' மட்டும் கிடைத்தால், விண்டோஸ் எக்ஸ்பி உள்ள ஒரு கணினியில் ஆக்டிவ்சிங்க் நிறுவி, இதே கருவியில் அதை மீட்டு ஏற்ற வேண்டும். அதனால் கருவியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

கணினியே இல்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். கருவியின் விளிம்பில் மெமரி கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் சேமித்தவை பேட்டரியோடு போகாது. கார்டைக் கணினியில் போடும்போது 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். சில மாடல்களில் 'ஸ்டோரேஜ்' என்ற பெயரில் அழியாத ஒரு சிறு உறை உண்டு. கருவியைத் திறந்து அதையும் பாருங்கள். அப்பாவின் பழைய சிம் அதிலேயே இருந்தால் பத்திரம். சேவை நின்றுபோன ஷார்ஜா சிம்மாக இருந்தாலும், அதில் அவர் சேமித்த பெயர்களும் சில குறுஞ்செய்திகளும் அப்படியே இருக்கும். சாதாரண போனில் போட்டுப் படிக்கலாம். ரகசிய எண் கேட்டால் மட்டும் ஊகித்துப் போடாதீர்கள். மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும்.

அட்டைக்கு நான் எழுதித் தருவது இது: 'தாத்தாவின் ஸ்மார்ட்போன், 2004. அன்று இதைப் பாக்கெட் பிசி ஃபோன் எடிஷன் என்றார்கள். ஷார்ஜாவில் கட்டுமானக் கணக்குகள் இதில் எழுதப்பட்டன.' நடுவில் உள்ள வரி தம்பிக்காக. அவர் சொன்னதும் வரலாறுதான். அது அட்டையில் இடம்பெற வேண்டும்.

கடைசியாக ஒன்று. அந்தக் கருவிகளின் பக்கவாட்டில் குரலைப் பதிய ஒரு பொத்தான் இருக்கும். வேலைத் தளத்தில் நிற்பவர்கள் எழுத நேரமில்லாமல் அதை அழுத்தி, எத்தனை மூட்டை சிமென்ட் வந்தது, யார் வரவில்லை என்று பேசி வைப்பார்கள். தம்பி தேடும்போது 'டபிள்யூஏவி' என்று முடியும் சிறு கோப்புகள் தட்டுப்பட்டால், தனியாக அமர்ந்து திறக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் சேர்ந்திருக்கும் நாளில், உங்கள் மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறங்கள்.